ஊர் வாயும் ஹில்லெலின் வார்த்தையும்

வாசகர் கேள்விக்கு மனநல ஆலோசகரின் பதில். (கடிதம் எழுதியவரின் பெயர், சொந்த ஊர், வேலை செய்யும் நகரம் ஆகியவை அவர் கேட்டபடி நீக்கப்பட்டுள்ளன.)

கடிதத்தின் சுருக்கம்

இலங்கைத் தமிழ்ப் பெண், வயது 38. கணவரும் இரண்டு பிள்ளைகளும் ஊரில் மாமியோடு இருக்கிறார்கள். இவர் மூன்று வருடமாக இஸ்ரேலில் 86 வயது மூதாட்டி ஒருவரைப் பராமரிக்கிறார். அவரை ‘சவ்தா’, அதாவது பாட்டி என்றே அழைக்கிறார். விடுப்புக் கிடைக்கும் வெள்ளிக்கிழமைகளில், யூதர்களின் வார ஓய்வு நாளான சபாத் தொடங்கி பஸ் நின்றுபோவதற்குள் தெற்கு டெல் அவிவுக்கு வந்துவிடுவார். அங்கே ஏழு பெண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த இரண்டு அறை வீடு இருக்கிறது. வாரம் முழுவதும் அடுத்தவர் வீட்டில் படுத்தெழும் இவர்களுக்கு அந்த ஓர் இரவுதான் சொந்த வீடு.

ஏழு பேரில் ஒருத்தி இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. கணவர் ஊரில் இருக்கிறார். இவள் ஊருக்குப் போய் இரண்டு வருடமாகிறது. மற்ற ஐந்து பேரும் கூடிப் பேசி, மாத முடிவில் அவள் வெளியேற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவளோடு யாரும் பேசுவதில்லை. அவளுடைய தேநீர்க் கோப்பையை மட்டும் அடுக்கிலிருந்து எடுத்துக் குளியலறை ஜன்னல் திட்டில் வைத்திருக்கிறார்கள்.

சவ்தாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஹீப்ருவில் ஒரு வாக்கியம் சொன்னாராம்: “மனிதர் இல்லாத இடத்தில் நீ மனிதராக இருக்க முயற்சி செய்.” பிறகு, “மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று பார்க்காதே, அவளை இங்கே கூட்டி வா” என்றாராம். சவ்தாவின் மகள் சமையலறைக்கு வந்து, “அம்மா அப்படித்தான் பேசுவார், அந்தத் தொல்லை எதுவும் இந்த வீட்டுக்கு வரக் கூடாது” என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

வாசகி கேட்பது: அடுத்தவர் பேச்சைப் பொருட்படுத்தாதே என்றுதான் அவர்களுடைய சமயம் சொல்கிறதா? அவள் பக்கம் நின்றால் “நீயும் அப்படித்தான்” என்ற கதை வாட்ஸ்அப் வழியாக மாமியின் காதுக்குப் போகுமே? அவளை நாடு கடத்திவிடுவார்களா? இடம் கொடுத்ததற்கு என் மீதும் வழக்கு வருமா? கடைசியில் ஒரு வரி: “அவள் செய்தது சரி என்று நானும் நினைக்கவில்லை. அப்படியிருக்க எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று தெரியவில்லை.”

பதில்

அன்புள்ள சகோதரி,

கடிதத்தை வாசித்துக்கொண்டு வந்தபோது அந்தக் கோப்பையில் நின்றுவிட்டேன். தனிக் குவளை வைக்கும் வித்தையை நம் ஊர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகி வைத்திருக்கின்றன. கடல் தாண்டிப் போய், தாங்களே இன்னொருவர் வீட்டின் ஓரத்து அறையில் வாழ்ந்தும்கூட, கைக்கு அது மறக்கவில்லை. உங்களுக்குத் தூக்கம் வராததில் வியப்பில்லை. தூக்கம் வந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

நான் ரபி, அதாவது யூத மத குரு, அல்ல; வழக்கறிஞரும் அல்ல. வெளிநாட்டுக்குப் போன பெண்களின் குடும்பங்களோடு வேலை செய்யும் ஆலோசகர். யூத அறநூல்களைப் பல வருடமாக மொழிபெயர்ப்பில் வாசித்து வருகிறேன் என்பதால், சவ்தாவின் வாக்கியத்தைக் கண்டதும் தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் கண்டதுபோல் இருந்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சவ்தா சொன்னது ஹில்லெலின் வாக்கு

“பெமகோம் ஷெஎய்ன் அனாஷிம், ஹிஷ்ததெல் லிஹியோத் ஈஷ்.” சவ்தா சொன்னது அநேகமாக இப்படித்தான் உங்கள் காதில் விழுந்திருக்கும். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூத வாய்மொழிச் சட்டநூலான மிஷ்னாவில் ‘பிர்கே அவோத்’ என்றொரு பகுதி உண்டு, முன்னோரின் அறமொழிகள். அதன் இரண்டாம் அத்தியாயத்தில் ஹில்லெல் சொன்னதாக வருகிறது. பெசாக் பண்டிகைக்குப் பிந்தைய சபாத் மாலைகளில் வாரம் ஓர் அத்தியாயமாக இதை வாசிக்கும் வழக்கம் பல யூத வீடுகளில் இருக்கிறது.

ஹில்லெல் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். தெரிந்தால் அவரைப் பிடித்துப்போகும். அவர் ஜெருசலேமில் பிறந்தவர் அல்ல. பாபிலோனிலிருந்து வந்து கூலி வேலை செய்தவர். அன்றாடக் கூலியில் பாதியைப் பாடசாலைக் காவலாளிக்குக் கட்டணமாகக் கொடுத்துவிட்டு, மீதியில் குடும்பம் நடத்தினார் என்கிறது மிஷ்னாவை விரித்துப் பேசும் பெருநூலான தல்மூத். ஒரு குளிர்கால வெள்ளிக்கிழமை, வேலை கிடைக்கவில்லை. காவலாளி உள்ளே விடவில்லை. ஹில்லெல் கூரைமேல் ஏறி, வெளிச்சத் துவாரத்தின் மீது படுத்து, கீழே நடக்கும் பாடத்தைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டார். இரவில் பனி பொழிந்தது. விடிந்தபோது ஆசிரியர்களில் ஒருவர், “ஏன் இன்று இவ்வளவு இருட்டு?” என்று மேலே பார்க்க, துவாரத்தில் ஓர் ஆள் வடிவம் தெரிந்தது. மூன்று முழப் பனிக்கு அடியிலிருந்து அவரைத் தோண்டி எடுத்தார்கள். அன்று சபாத், நெருப்பு மூட்டக் கூடாது, வேலை செய்யக் கூடாது. அவர்களோ அவரைக் கழுவி, எண்ணெய் தேய்த்து, நெருப்பருகே உட்கார வைத்தார்கள். “இவனுக்காகச் சபாத்தை மீறலாம்” என்றார்களாம்.

மனிதர் இல்லாத இடத்தில் மனிதராக இரு என்றவர், ஒரு காலத்தில் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட கூலியாள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இப்போது, உங்கள் அனுமதியோடு ஒரு சிறு திருத்தம். “மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று பார்க்காதே” என்பது சவ்தா சேர்த்துக்கொண்டது. ஹில்லெலின் வாக்கியத்தில் அது இல்லை. சொல்லப்போனால் அதற்குச் சற்று முன்னால் அதே ஹில்லெல், “சமூகத்தைவிட்டு விலகிப் போகாதே, உன் சாவு நாள் வரை உன்னையே முழுதாக நம்பாதே, அடுத்தவன் நின்ற இடத்தில் நிற்கும்வரை அவனைத் தீர்ப்பிடாதே” என்கிறார். மூன்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ‘ஹிஷ்ததெல்’ என்ற சொல்லுக்கு முயற்சி செய் என்று பொருள். ‘மற்ற எல்லாரும் மிருகங்கள், நான் ஒருத்திதான் மனுஷி’ என்று நெஞ்சு நிமிர்த்துவதற்கு அதில் இடமே இல்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்கு வந்த புதிதில், கணவர் விட்டுப்போன ஒரு பெண்ணிடம், “ஊர் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்” என்று வாய் நிறைய ஆலோசனை சொன்னேன். அவர் அப்படியே செய்தார். அக்கம்பக்கத்தில் எல்லோரோடும் பேச்சை நிறுத்தினார். ஒரு மழை இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது, தட்டுவதற்கு ஒரு கதவு இல்லாமல் போயிற்று. அதன் பிறகு அந்த வாக்கியத்தை யாரிடமும் சொன்னதில்லை.

யாருடைய வெட்கம்?

அப்படியானால் யூத அறம் அடுத்தவர் பேச்சுக்குப் பயப்படச் சொல்கிறதா? இங்கேதான் அது நம் வழக்கத்திலிருந்து விலகுகிறது. நாம் ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்று கேட்கும்போது, வெட்கம் யாருடையது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அவர்கள் பார்க்கிறார்கள். என் வெட்கம் என்றால் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். அடுத்தவருடைய வெட்கம் என்றால் தொடவே முடியாது.

முதல் பாதிக்கு ஓர் ஆள் சாட்சி: அகவ்யா பென் மஹலலெல். நான்கு சட்டப் பிரச்சினைகளில் மற்ற அறிஞர்களோடு முரண்பட்டு நின்றவர். “அந்த நான்கையும் கைவிடு, உன்னை நீதிமன்றத் தலைவராக ஆக்குகிறோம்” என்றார்கள். அவர், “இறைவன் முன் ஒரு நாழிகை தீயவனாக இருப்பதைவிட, ஆயுள் முழுவதும் மூடன் என்று பெயர் எடுப்பது மேல்” என்று மறுத்துவிட்டார். இதோடு நிறுத்தினால் சவ்தா சொன்னது சரி என்றாகிவிடும். அகவ்யா மறுத்ததற்கு இன்னொரு காரணமும் மிஷ்னாவிலேயே இருக்கிறது: “பதவிக்காகக் கருத்தை மாற்றிக்கொண்டான் என்று பேசுவார்கள்.” பாருங்கள், அவரும் ஊர் வாயைப் பற்றி யோசித்தவர்தான்! சாகும் தறுவாயில் மகனைக் கூப்பிட்டு, அந்த நான்கு விஷயத்திலும் பெரும்பான்மையோடு போய்விடு என்றார். “நான் பலரிடம் கேட்டதைப் பிடித்து நின்றேன், அவர்களும் பலரிடம் கேட்டதைப் பிடித்து நின்றார்கள், நீயோ ஒருவனிடம் மட்டும்தான் கேட்டிருக்கிறாய்” என்றார். மகன், “உங்கள் நண்பர்களிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்” என்று கெஞ்ச, தந்தை மறுத்தார்: “உன் செயல்தான் உன்னைச் சேர்க்கும், உன் செயல்தான் உன்னை விலக்கும்.”

இரண்டாம் பாதிக்கு வருகிறேன். உங்களுக்கு வேண்டியது இதுதான் என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

பலர் முன்னிலையில் ஒருவரை வெட்கப்படுத்துவது இரத்தம் சிந்துவதற்குச் சமம் என்கிறது தல்மூத். அதற்கு ஒருவர், “சரிதான், நான் பார்த்திருக்கிறேன், முகத்தில் சிவப்பு போய் வெளுப்பு வருகிறது” என்று பதில் சொல்கிறார். உங்கள் தோழி குளியலறை ஜன்னலிலிருந்து கோப்பையை எடுக்கும்போது அவள் முகத்தைக் கவனித்தீர்களா? அந்த ரபி சொன்னது அதைத்தான்.

இந்தப் பேச்சுக்கு அவர்கள் ஆதாரமாகக் காட்டும் கதை, ஒரு கர்ப்பிணியின் கதை. ஆதியாகமம் 38ஆம் அத்தியாயம். தாமார் கைம்பெண், யூதாவின் மருமகள். அவளுக்குச் செய்ய வேண்டிய கடமையைச் செய்யாமல் யூதா காலம் கடத்துகிறான். பிறகு வழியோரத்தில், முகத்திரையிட்டிருந்த அவளை யாரென்று அறியாமல் கூடுகிறான். கூலிக்கு ஈடாக முத்திரையையும் கயிற்றையும் கைத்தடியையும் கொடுக்கிறான். ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து, “உன் மருமகள் தவறிவிட்டாள், கர்ப்பமாக இருக்கிறாள்” என்று ஊர் வந்து சொல்கிறது. யூதா ஒரு கேள்வி கேட்கவில்லை. “வெளியே கொண்டுவாருங்கள், எரிக்கப்படட்டும்.”

அவளை வெளியே கொண்டுவருகிறார்கள். அந்த நேரத்தில் அவள் யூதாவின் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று பொருள்களையும் அனுப்பி, “இவை யாருடையவோ அவராலேயே நான் கர்ப்பமானேன், யாருடையவை என்று பாருங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்புகிறாள். அவன் ஒப்புக்கொண்டால் உயிர் பிழைப்பாள். வாய் மூடிக்கொண்டால் எரிவாள். யூதா ஒப்புக்கொள்கிறான்: “என்னிலும் அவள் நீதியுள்ளவள்.” ஒருவரைப் பலர் முன் வெட்கப்படுத்துவதைவிட எரியும் சூளைக்குள் குதிப்பது மேல் என்ற தல்மூத் வாக்கு இங்கிருந்து பிறந்தது. அந்தக் கர்ப்பத்தில் பிறந்த பேரேசின் வம்சத்தில்தான் தாவீது அரசன் வருகிறான்.

உங்கள் வீட்டில் அந்த ஐந்து பேர் கூடிப் பேசியது, யூதாவின் முதல் வாக்கியம். இரண்டாம் வாக்கியத்துக்கு வருவதற்கு அவர்களுக்கு அவகாசம் கொடுக்க வேண்டும். அவர்களும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ‘இவளோடு ஒரே வீட்டில் இருந்தோம் என்று தெரிந்தால் எங்கள் குடும்பம் என்ன நினைக்கும்’ என்ற பயம் அவர்களுக்கும் இருக்கும். நீங்கள் மாமிக்குப் பயப்படுவதைப் போலவே.

“அவள் செய்தது சரி என்று நானும் நினைக்கவில்லை”

நினைக்க வேண்டாம். உங்கள் ஒழுக்கத்தை நீங்கள் மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் ‘அவள் செய்தது’ என்று எழுதும்போது, என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். தனி வீட்டில், பூட்டிய கதவுக்குள், முதலாளியின் உறவினர்கள் வந்துபோகும் இடத்தில் வேலை செய்யும் பெண்களைப் பற்றிப் பேசுகிறோம். அது அவள் விரும்பிய உறவாக இருக்கலாம். அவள் மீது திணிக்கப்பட்டதாகவும் இருக்கலாம். பின்னது என்றால் அவளுக்குத் தேவைப்படுவது வேறு உதவி. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு இஸ்ரேலில் 1202 என்ற எண் இருக்கிறது. அந்த எண்ணை அவளிடம் கொடுத்துவையுங்கள். “உனக்கு எப்போதாவது தேவைப்பட்டால்” என்ற அளவில் போதும். “யார்?” என்று கேட்காதீர்கள். கேட்கும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஒருவர் மனம் திருந்தி வந்த பிறகும் “உன் பழைய செயல்களை நினைத்துப் பார்” என்று குத்துவதையே மிஷ்னா தடுக்கிறது. பொருள் வியாபாரத்தில் ஏமாற்றுவதைப் போல இதுவும் ஏமாற்று, சொல்லால் செய்யும் கொடுமை என்று கணக்கிடுகிறது.

சட்டத்தைப் பற்றிய பயம்

இங்கே உங்கள் கடிதத்தில் சில தவறான எண்ணங்கள் இருக்கின்றன. வீட்டில் அந்த ஐந்து பேரும் இவற்றையே சொல்லிச் சொல்லி அவளைப் பயமுறுத்துகிறார்கள் என்று தோன்றுகிறது.

வெளிநாட்டுப் பணிப்பெண் குழந்தை பெற்றால் மூன்று மாதத்துக்குள் குழந்தையோடு நாட்டைவிட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் குழந்தையை அனுப்பிவிட்டுத் தான் மட்டும் வேலைக்குத் திரும்பலாம் என்ற நடைமுறை முன்பு இருந்தது உண்மைதான். 2011 ஏப்ரலில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. கர்ப்பம் என்ற ஒரே காரணத்துக்காக விசா பறிபோகாது. ஆனால் அவளுடைய விசாவில் எவ்வளவு காலம் மீதி இருக்கிறது, குழந்தையின் தந்தை எந்த நிலையில் அங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்துச் சிக்கல்கள் வரலாம். அதனால்தான் வீட்டுக்குள் ஊகிப்பதை விட்டுவிட்டு வெளியே கேட்க வேண்டும்.

ஒரே முதலாளியிடம் ஆறு மாதமாவது வேலை செய்த கர்ப்பிணியை, அரசின் அனுமதி இல்லாமல் வேலையிலிருந்து நீக்க முடியாது. 1954ஆம் ஆண்டின் பெண்கள் தொழில் சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் பொருந்தும். ‘பிதுவாக் லெயுமி’ என்று நீங்கள் சொல்லும் தேசியக் காப்பீட்டு நிறுவனம், வெளிநாட்டுத் தொழிலாளரையும் மகப்பேற்றுக்குக் காப்பீடு செய்கிறது. முதலாளி எடுத்துக்கொடுக்கும் தனியார் மருத்துவக் காப்பீடு வேறு. அதில் கர்ப்ப காலச் சிகிச்சை எந்த அளவு அடங்கும் என்பதை அவளுடைய காப்பீட்டு ஏட்டைப் பார்த்தே சொல்ல முடியும். காப்பீடு தொடங்கிய தேதியைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதுதான் முதலில் கேட்கப்படும்.

உங்கள் மீது வழக்கா? அவளுடைய விசா செல்லுபடியாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். செல்லுபடியாகும் விசா உள்ள ஒருத்தி, தான் வாடகை கொடுக்கும் வீட்டில் தூங்குவதில் என்ன குற்றம்? மாறாக, வாடகை ஒப்பந்தத்தில் யார் யார் பெயர் இருக்கிறது, முன்பணத்தில் அவள் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். கூடிப் பேசிவிட்டோம் என்பதற்காகப் பணம் கொடுத்திருப்பவளை வெளியே தள்ளிவிட முடியாது.

டெல் அவிவில் ‘காவ் லஓவெத்’ என்ற தொழிலாளர் உரிமை அமைப்பு இருக்கிறது. பராமரிப்பு வேலை செய்பவரை ஒரே முதலாளியோடு கட்டிப்போட்ட விசா முறையை 2006இலும், நான் மேலே சொன்ன நடைமுறையை 2011இலும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்து வென்றதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். போகக் கூச்சமாக இருந்தால், ஹில்லெலின் அதே பத்தியில் இன்னொரு வரி இருக்கிறது: “கூச்சப்படுபவன் கற்க மாட்டான்.” முகவர் நிலையத்தில் விசாரிப்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அவளுடைய நலனைவிட வேலை இடம் காலியாகிறதா என்பதே முதல் கேள்வியாக இருக்கக்கூடும்.

செய்யக்கூடியவை, செய்யக் கூடாதவை

சவ்தாவின் வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போகாதீர்கள். சவ்தா அழைத்தாலும் வேண்டாம். அவருடைய மனம் பெரியது. ஆனால் 86 வயதில் அவர் வீட்டை நடத்துவது மகள். மகளுக்குத் தெரியாமல் செய்தால் உங்கள் வேலை போகும், சவ்தாவின் நிம்மதியும் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யூதர்களிடையே ஒழுக்கச் சீர்திருத்த இயக்கத்தை வளர்த்த இஸ்ரேல் சலாந்தரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். சாப்பாட்டுக்கு முன் சடங்காகக் கை கழுவும்போது மிகக் கொஞ்சம் தண்ணீரே ஊற்றிக்கொள்வாராம். கேட்டால், “தண்ணீர் சுமந்து வருபவள் வேலைக்காரி. அவள் தோளில் ஏறி நான் பக்திமான் ஆகக் கூடாது” என்பாராம். சவ்தாவின் தோளில் ஏறி நீங்கள் நல்லவர் ஆக வேண்டாம்.

ஐந்து பேரோடும் சண்டையும் வேண்டாம். யூதச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் ஆரூக்கின் முதல் பத்தியிலேயே, நற்பணியில் ஈடுபட்டவன் ஏளனம் செய்பவர்களைக் கண்டு வெட்கப்படக் கூடாது என்று கிராக்கோவைச் சேர்ந்த மோசே இசர்லெஸ் எழுதிய குறிப்பு இருக்கிறது. அதே கருத்தைத் தன் வேறோர் உரைநூலில் விளக்கும்போது, அந்தத் தொகுப்பை எழுதிய யோசேப் காரோ ஓர் எச்சரிக்கை சேர்க்கிறார்: வெட்கப்படாதே, ஆனால் அவர்களோடு மல்லுக்கு நிற்காதே, முரட்டுத்தனம் பழகிவிட்டால் மற்ற இடங்களிலும் வந்துவிடும். அறிவுள்ள எச்சரிக்கை. “நீங்கள் எல்லாம் பெண்களா?” என்று நீங்கள் கத்தினால், அந்த ஐந்து பேரும் பலர் முன் வெட்கப்படுவார்கள், கோப்பை இருந்த ஜன்னல் திட்டில் இன்னும் ஐந்து கோப்பைகளை நீங்கள் வைத்ததாக ஆகும்.

ஒருவரோடு தொடங்குங்கள். அந்த ஐந்து பேரில் உங்கள் கண்ணைப் பார்க்கத் தயங்குகிறவர் ஒருவர் இருப்பார். அவரோடு சமையல் நேரத்தில் தனியாகப் பேசுங்கள். “குழந்தை பிறக்கும்வரை இருக்கட்டும், வாடகையில் அவளால் முடிந்ததைக் கொடுக்கட்டும்” என்ற ஒரே ஒரு கோரிக்கை போதும். அவளுடைய குணத்துக்கு நற்சான்று வாசிக்காதீர்கள். அவர் ஒத்துக்கொண்டால் நீங்கள் மூவர். ஒத்துக்கொள்ளாவிட்டால், நீங்கள் இருவரும் வேறு அறை தேடும் வாய்ப்பையும் இப்போதே கணக்குப் பார்த்து வையுங்கள். உங்கள் சம்பளத்தில் ஊருக்கு அனுப்பும் பணம் போக எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்காமல் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்த வாக்கை நடுவில் எடுப்பது, கொடுக்காததைவிட அவளுக்குக் கொடுமை.

பணமோ சாப்பாடோ கொடுத்தால் மற்றவர் கண்ணில் படாமல் கொடுங்கள். மார் உக்வா என்ற அறிஞர் தன் பக்கத்து ஏழை வீட்டுக் கதவிடுக்கில் தினமும் நான்கு காசு வைத்துவிட்டுப் போவாராம். யார் வைப்பது என்று பார்க்க ஒருநாள் அந்த ஏழை கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டான். மார் உக்வாவும் மனைவியும் ஓடி, அப்போதுதான் தணல் வாரப்பட்ட அடுப்புக்குள் ஒளிந்துகொண்டார்கள். அவருக்குக் கால் சுட்டதாம். வாங்குபவன் கொடுப்பவன் முகத்தைப் பார்த்துக் கூசக் கூடாது என்பதற்காகக் காலைச் சுட்டுக்கொண்டவர்கள்!

அந்தக் கோப்பை விஷயத்தில் மட்டும் ஒளிய வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமை போனதும் கழுவி, மற்றக் கோப்பைகளோடு அடுக்கில் வையுங்கள். எதுவும் பேச வேண்டியதில்லை. மறுபடி எடுத்து வைத்தால், மறுபடி கொண்டுவந்து வையுங்கள். யோகனான் பென் சக்காய் என்ற பெரிய அறிஞருக்கு, சந்தையில் எதிர்ப்படும் அந்நியர்கூட முந்திக்கொண்டு வணக்கம் சொன்னதில்லையாம். எப்போதும் இவரே முதலில் சொல்லிவிடுவார். அவளுக்கும் அந்த வீட்டில் தினமும் யாராவது ஒருவர் முதலில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

மாமிக்கும் கணவருக்கும்

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பது நம் பழமொழி. சங்கப் பாடல்களில் இதற்கு ‘அலர்’ என்றே ஒரு சொல் வைத்து, அதைப் பற்றிப் புலம்பிப் பாடியிருக்கிறார்கள். அவ்வளவு பழைய நோய்க்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் கதை போய்ச் சேர்வதற்குள் நீங்கள் போய்ச் சேரலாம்.

ஜெருசலேம் ஆலயத்தின் கருவூல அறைக்குள் காசு எடுக்கப் போகிறவர், மடிப்பு வைத்த ஆடையோ செருப்போ தாயத்தோ அணியக் கூடாது என்று மிஷ்னா சொல்கிறது. பிற்காலத்தில் அவர் பணக்காரர் ஆனால், அங்கிருந்து எடுத்ததுதான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். இறைவன் முன் மட்டுமல்ல, மனிதர் முன்பும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்கு யூத வேதமான தோராவின் வசனத்தையே காட்டுகிறார்கள். ஆகவே, கணவர் என்ன நினைப்பார் என்ற உங்கள் கவலை அற்பமானது அல்ல. அதைத் துடைத்துப் போடச் சொல்கிற ஆலோசனையை, அது சவ்தாவிடமிருந்தே வந்தாலும், நான் ஏற்கமாட்டேன்.

கணவரிடம் நீங்களே முந்திச் சொல்லுங்கள். ஆனால் அவள் கதையைச் சொல்லாதீர்கள். உண்மையே ஆனாலும் ஒருவரைத் தாழ்த்தும் பேச்சை ‘லாஷோன் ஹரா’, தீய நாக்கு என்று யூத மரபு தடுக்கிறது. 1873இல் வெளிவந்து, எழுதியவருக்கே பெயராகிப்போன ‘ஹஃபெத்ஸ் ஹயிம்’ என்ற நூல் முழுவதும் இதைப் பற்றித்தான். உரிமை அமைப்பில் உதவிக்காகச் சொல்வதற்கு விலக்கு உண்டு. மாமியிடம் சொல்வதற்கு இல்லை. “எங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கஷ்டம். மற்றவர்கள் பேசுவதில்லை, நான் பேசுகிறேன். என்னைப் பற்றியும் ஏதாவது உங்கள் காதுக்கு வரலாம், வந்தால் முதலில் என்னிடம் கேளுங்கள்.” இவ்வளவு போதும். பெயர் வேண்டாம், மாதக் கணக்கு வேண்டாம். மாமியிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். அவருடைய அம்மாவை அவருக்குத் தெரியும். கணவர் கோபப்பட்டால் அன்றைக்கே முழுதும் பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள். நான் பார்த்த அளவில், இப்படிப்பட்ட தொலைபேசிப் பேச்சு ஒன்றுக்கு மூன்று முறை தேவைப்படும்.

குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டாம், குரல் பதிவும் வேண்டாம், இரண்டும் கைமாறும். நேரில் பேசுவதுபோல் அழைத்துப் பேசுங்கள். வெள்ளிக்கிழமை மதியம், டெல் அவிவுக்குப் பஸ் ஏறுவதற்கு முன் அழைத்தால் நல்லது. கோடையில் இலங்கை உங்களைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் மூன்றரை. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து, மாமி மாலைப் பூசைக்கு எழுந்துபோயிருக்கும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.